4294967297: ஒரு பெரிய எண்ணின் உள்ளே

பத்து இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 4294967297. கோடி, லட்சம் என்று பிரித்து வாசித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இலக்கங்களைப் பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதியது போலத்தான் இருக்கும். ஆனால் கணித வரலாற்றில் இந்த எண்ணுக்கு ஓர் இடம் உண்டு. மாபெரும் கணித மேதை ஒருவர் இதைப் பற்றித் தவறாக நினைத்தார். இன்னொருவர் அந்தத் தவறைக் கண்டுபிடித்தார். பெருக்கல், வகுத்தல், மீதி ஆகியவை தெரிந்த எவரும் அந்தக் கதையை முழுவதுமாகச் சரிபார்த்துவிடலாம். எனக்கு இந்த எண் மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஒரு முழு எண்ணின் குணங்களை அறிய வேண்டுமென்றால், அது எந்தெந்த எண்களால் மீதியின்றி வகுபடும் என்பதே முதல் கேள்வி. 1-ஐவிடப் பெரிய எண்களில், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11 என்று அந்த வரிசை போகிறது. மற்ற எண்களெல்லாம் பகா எண்களைப் பெருக்கி உண்டானவை. அவை பகு எண்கள். அப்படியானால் 4294967297 பகா எண்ணா, பகு எண்ணா?

பள்ளியில் கற்ற சோதனைகளை முதலில் செய்து பார்ப்போம். 7-இல் முடிவதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59. அது 3-இன் மடங்கு அல்ல, ஆகவே எண்ணும் 3-ஆல் வகுபடாது. 11-க்கு ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்ட வேண்டும். ஒரு பக்கம் 21, மறு பக்கம் 38, வித்தியாசம் 17. அதுவும் இல்லை. சோதனைகள் இத்துடன் தீர்ந்துவிடுகின்றன. இனி ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். எதுவரை? ஓர் எண்ணுக்குக் காரணிகள் இருந்தால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 65,536-ஐ ஒட்டி இருக்கிறது. அதற்குள் 6,542 பகா எண்கள் உள்ளன. காகிதத்தில் அத்தனை வகுத்தல்களையும் பிழையில்லாமல் செய்வது எளிதான காரியம் அல்ல.

இங்கே இலக்கங்களை மறந்துவிட்டு, எண்ணின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1-இல் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 8, 16, 32... முப்பத்திரண்டாம் முறை இரட்டிப்பாக்கும்போது 4294967296 வரும். அதனுடன் 1 கூட்டினால் நம் எண். சுருக்கமாக, 2³² + 1. இதைத் தெரிந்துகொண்டதும் சில விஷயங்கள் உடனே விளங்குகின்றன. இரட்டிப்பு வரிசையின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழன்றுகொண்டே இருக்கும். அடுக்கு 4-இன் மடங்காக இருந்தால் கடைசி இலக்கம் 6. ஒன்றைக் கூட்டினால் 7. எண் 7-இல் முடிவது தற்செயல் அல்ல. கணினியின் இரும எண்முறையில் எழுதினால் இன்னும் அழகு: முதலில் ஒரு 1, நடுவில் முப்பத்தொரு பூச்சியங்கள், கடைசியில் ஒரு 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய முழு எண் 4294967295. நம் எண் அதை இரண்டு அடி தாண்டி நிற்கிறது.

இனி கதை. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் துலூஸ் நகரில் சட்டத்துறையில் பணியாற்றிய பியர் தெ ஃபெர்மா, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர். 2-இன் அடுக்குடன் 1 கூட்டினால் எப்போது பகா எண் கிடைக்கும் என்று அவர் யோசித்தார். அடுக்கில் 1-ஐவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஒன்று இருந்தாலே போதும், கிடைக்கும் எண் உடைந்துவிடும். எடுத்துக்காட்டாக 2⁶ + 1 = 65. 6 என்பது 3 × 2 என்பதால், 65 எண் 2² + 1 ஆகிய 5-ஆல் வகுபடுகிறது. எனவே 1-ஐத் தவிர வேறு ஒற்றைப்படைக் காரணியே இல்லாத அடுக்குகள் மட்டுமே மிஞ்சும்: 1, 2, 4, 8, 16, 32... அவற்றிலிருந்து வரும் எண்கள் 3, 5, 17, 257, 65537, 4294967297. இவற்றை இன்று ஃபெர்மா எண்கள் என்கிறோம். முதலாவதைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் நம் எண் ஐந்தாம் ஃபெர்மா எண்.

முதல் ஐந்தும், அதாவது 65537 வரை உள்ளவை, பகா எண்கள். 1640-இல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள்தான் என்று தாம் நம்புவதாக ஃபெர்மா குறிப்பிட்டார். முழுமையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

1729-இல் கிறிஸ்டியான் கோல்ட்பாக் என்னும் கணித அறிஞர், இந்தக் கூற்று தெரியுமா என்று லியோன்ஹார்ட் ஆய்லருக்குக் கடிதத்தில் கேட்டார். ஆய்லருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1732-இல், அவர் அளித்த விடை இது:

4294967297 = 641 × 6700417.

நம்பிவிட வேண்டாம், பெருக்கிப் பாருங்கள். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. 40-ஆல் பெருக்கினால் 268016680. இரண்டையும் கூட்டி இன்னொரு 6700417-ஐச் சேர்த்தால் சரியாக 4294967297. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த ஓர் எதிர்பார்ப்பு ஒரே பெருக்கலில் முடிந்துபோயிற்று.

641-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான வழியை ஆய்லர் பின்னாளில் நிறுவிக் காட்டினார். இந்தக் கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் சிறிய எண்ணில் பார்ப்போம். 1-இலிருந்து இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 17-ஆல் வகுத்த மீதியை எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடி 1. எட்டு அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். நடுவே நான்காம் அடியில் மீதி 16. அதாவது 17-க்கு ஒன்று குறைவு, −1 என்று எழுதலாம். நான்காவது அடியில் −1 என்றால் அதன் இரு மடங்கான எட்டாவது அடியில் 1 வந்தே தீர வேண்டும்.

நம் எண்ணுக்கு ஏதோ ஒரு பகாக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2³² + 1 அதனால் மீதியின்றி வகுபடுகிறது என்றால், முப்பத்திரண்டாம் அடியில் மீதி −1. ஆகவே அறுபத்துநான்காம் அடியில் 1. அதற்கு முன்பே சுற்று முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் சுற்றின் நீளம் 64-ஐ மீதியின்றி வகுக்கும் சிறிய எண்ணாக, அதாவது 32, 16, 8 போன்றதாக இருக்க வேண்டும். அப்போது முப்பத்திரண்டாம் அடியிலேயே 1 வந்திருக்கும். ஆனால் அங்கே −1 அல்லவா இருக்கிறது! ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64. ஃபெர்மாவே கண்ட இன்னொரு தேற்றம் இங்கே துணைக்கு வருகிறது: 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணாலும் வகுத்து மீதி பார்த்தால், அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடியில் கட்டாயம் 1 வரும். அந்த அடியில் சில முழுச் சுற்றுகள் முடிந்திருக்க வேண்டும். ஆகவே நம் பகாக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64-இன் மடங்கு.

இப்போது பட்டியலைப் பாருங்கள். 64-இன் மடங்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! 6,542 எண்களைச் சோதிக்க வேண்டியிருந்த இடத்தில் ஐந்து போதும். 1878-இல் எதுவார் லூக்கா என்பவர் இதை இன்னும் கூர்மையாக்கி, 64-க்குப் பதில் 128 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அப்போது 257, 641 ஆகிய இரண்டுதான் மிஞ்சும். 257 வேறொரு ஃபெர்மா எண், அதையும் நீக்கிவிடலாம். காரணத்தை இரண்டு பத்தி தள்ளிச் சொல்கிறேன்.

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலேயே காட்டும் வழி ஒன்று உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 640 + 1 என்றும், 625 + 16 என்றும். 640 என்பது 5 × 2⁷. 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது 640 என்பது −1 போல நடந்துகொள்ளும். அதை நான்கு முறை பெருக்கினால் 1. அதாவது 5⁴ × 2²⁸ விடும் மீதி 1. ஆனால் 5⁴ என்பது 625. அது 641-க்கு 16 குறைவு, ஆகவே −16 போல நடந்துகொள்ளும். 16 என்பது 2⁴. இரண்டையும் சேர்த்தால் −2⁴ × 2²⁸, அதாவது −2³², விடும் மீதி 1. ஆகவே 2³² விடும் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். முடிந்தது. பத்து இலக்கப் பெருக்கல் எதுவும் தேவைப்படவில்லை. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றொரு காரணியான 6700417 பகா எண்ணா? அதற்கும் அதே வடிகட்டி உதவும். அதன் வர்க்கமூலம் 2,588-ஐ ஒட்டியது. அதற்குள் 128-இன் மடங்குடன் ஒன்று கூட்டிக் கிடைக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. 257-ஐ விட்டுவிட்டால் மற்ற நான்கும் முறையே 44, 120, 334, 622 என்று மீதி விடுகின்றன. ஆகவே 6700417 பகா எண். நம் எண்ணுக்கு வகுத்திகள் மொத்தம் நான்கே: 1, 641, 6700417, பிறகு அதுவே. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 6701059. எண்ணின் அளவுக்கு முன் இது மிகச் சிறியது.

257-ஐ ஏன் விட்டோம்? முதல் ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண்ணைவிடச் சரியாக இரண்டு குறைவு. ஆகவே முந்தைய ஃபெர்மா எண் எதனால் வகுத்தாலும் நம் எண் மீதி 2 விடும். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கு முந்தையவற்றுடன் இதே உறவில்தான் இருக்கிறது. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது இதனால் தெரிகிறது. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு புதிய பகா எண்ணையாவது கொண்டுவருவதால், பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதும் கூடவே நிரூபணமாகிவிடுகிறது.

பகா எண்களைக் கண்டறிய ஃபெர்மாவின் தேற்றத்தையே சோதனையாகப் பயன்படுத்துவது இன்றும் வழக்கம். 2-ஐ எடுத்து, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் நிச்சயம் பகு எண். நம் எண்ணில் இதைச் செய்தால் 1 வந்துவிடும்! 64 அடிக்கு ஒருமுறை சுற்று முடிகிறது. 2³² என்பது 64-இன் மடங்கு. ஆகவே 1 வராமல் இருக்க வழியில்லை. பகு எண்ணாக இருந்தும் 2-ஐக் கொண்டு செய்யும் சோதனையில் இது தப்பித்துவிடுகிறது. இப்படிப்பட்டவற்றைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் குட்டு வெளிப்படும். 3-ஐ அடிப்படையாகக் கொண்டு ஃபெர்மா எண்களுக்கென்றே ஒரு சோதனையை பெப்பான் என்பவர் 1877-இல் வகுத்தார். நம் எண்ணுக்கு அதில் முப்பத்தொரு முறை வர்க்கம் எடுத்தால் போதும்.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆகவே நம் எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை: 65536² + 1². ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால், அது ஒரே ஒரு விதமாகத்தான் முடியும். இரண்டாவது விதம் ஒன்று அகப்பட்டால் எண் பகு எண். நம் எண்ணுக்கு இரண்டாவது விதம் இருக்கிறது:

62264² + 20449².

முதல் வர்க்கம் 3876805696, இரண்டாவது 418161601. கூட்டினால் 4294967297. (20449 தானும் 143-இன் வர்க்கம்; இது எதற்கும் தேவையில்லை, கண்ணில் பட்டதால் சொல்கிறேன்.)

இந்த இரண்டு விதங்களும் எங்கிருந்து வந்தன? காரணிகள் இரண்டுமே வர்க்கக் கூட்டுத்தொகைகள்: 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் அதே வகை எண்தான் என்பதற்கான சூத்திரம் 7-ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தரிடம் இருக்கிறது. 25-ஐ 2556-ஆல் பெருக்கினால் 63900. 4-ஐ 409-ஆல் பெருக்கினால் 1636. கூட்டினால் 65536! கழித்தால் 62264. மறுபக்கம் 25-ஐ 409-ஆல் பெருக்கினால் 10225. 4-ஐ 2556-ஆல் பெருக்கினால் 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. 10225-உம் 10224-உம் அடுத்தடுத்த எண்களாக அமைந்ததால்தான் அந்த ஒற்றை 1 பிறந்தது.

திருப்பியும் போகலாம். இரண்டு விதங்கள் மட்டும் தெரிந்திருந்தால் அவற்றிலிருந்தே காரணியை எடுத்துவிடலாம். 65536-க்கும் 62264-க்கும் வித்தியாசம் 3272. 20449-க்கும் 1-க்கும் வித்தியாசம் 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. அதே இணைகளைக் கூட்டினால் 127800, 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. எட்டில் பாதி 4, ஐம்பதில் பாதி 25. 4² + 25² = 641. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஃபெர்மா. அவருடைய நம்பிக்கையை மறுக்கும் சான்று அவருக்கு மிகவும் பிடித்த அந்தத் துறைக்குள்ளேயே காத்திருந்திருக்கிறது.

ஃபெர்மா எண்கள் வடிவியலிலும் தலைகாட்டுகின்றன. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்பாத கார்ல் ஃபிரடரிக் காஸ், அளவு குறிக்காத கோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கங்களுள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டறிந்தார். 17 ஒரு பகா ஃபெர்மா எண் என்பதே காரணம். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு பகா ஃபெர்மா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டுமே அப்படி வரைய முடியும். வேறு எதுவும் முடியாது என்ற பகுதியை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். ஃபெர்மா நினைத்தது சரியாக இருந்திருந்தால் 4294967297 பக்கப் பலகோணத்தையும் வரைந்திருக்கலாம். 641 குறுக்கே வந்து அதைத் தடுத்துவிட்டது. ஆனால் அதற்கு இரண்டு குறைவான 4294967295 பக்கங்கள் என்றால் முடியும், ஏனென்றால் அது ஐந்து பகா ஃபெர்மா எண்களின் பெருக்கல். இன்றுவரை தெரிந்தவற்றுள் இப்படி வரையக்கூடிய மிகப்பெரிய ஒற்றைப்படைப் பலகோணம் அதுதான்.

அடுத்த ஃபெர்மா எண் 18446744073709551617, இருபது இலக்கங்கள். அதை 1880-இல் ஃபார்ச்சூனே லாண்ட்ரி 274177 × 67280421310721 என்று பிரித்தார். அதற்கு அடுத்ததான ஏழாம் எண்ணின் காரணிகளை 1970-இல்தான் மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினி கொண்டு கண்டார்கள். ஐந்திலிருந்து முப்பத்திரண்டாம் ஃபெர்மா எண் வரை எல்லாமே பகு எண்கள் என்பது இன்று உறுதி. முப்பத்துமூன்றாவதில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அது பகா எண்ணா, பகு எண்ணா என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. 65537-க்குப் பிறகு ஆறாவது பகா ஃபெர்மா எண் ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை.